தொடக்க நவீன கால வரலாற்றை உலக நோக்கில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்றில் முதுகலை சேர்ந்தவர்கள், ஆய்வுத் தலைப்புத் தேடுபவர்கள், பள்ளியில் வரலாறு நடத்துபவர்கள், ஆர்வத்தால் தாமாகவே படிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தொடக்க நவீன காலம் என்று எந்த நூற்றாண்டுகளைச் சொல்கிறோம்?

தோராயமாக 1450 முதல் 1800 வரை. இடைக்காலத்துக்கும் தொழிற்புரட்சிக்குப் பிந்தைய காலத்துக்கும் நடுவே ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் தங்கள் தேவைக்காக வகுத்துக்கொண்ட பிரிவு இது. அதனால் எல்லைக்கற்களும் நெடுங்காலம் அவர்களுடையவையாகவே இருந்தன: 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது, 1492இல் கொலம்பஸ் கரிபியத் தீவுகளை அடைந்தது, 1517இல் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிளம்பியது, 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

இடம் மாறினால் ஆண்டும் மாறும். ஈரானில் சபாவியர் ஆட்சி தொடங்கிய 1501 முக்கியம். வட இந்தியாவில் முதல் பானிபட் போர் நடந்த 1526. ஜப்பானில் டொக்குகாவா ஆட்சி அமைந்த 1603. மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் மக்களுக்கு 1521இல் தலைநகரமே அழிந்தது. தமிழகத்தில் விஜயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள் 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் மெல்ல மெல்லத் தனியரசர்களாகவே நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். தேர்வில் 1450–1800 என்று எழுதினால் போதும். ஆய்வில் அது போதாது. நீங்கள் எடுத்துக்கொண்ட ஊருக்கு எந்த ஆண்டுகள் பொருந்தும் என்பதை நீங்களே காரணம் காட்டி நிறுவ வேண்டும்.

உலக நோக்கு என்றால் உலகம் முழுவதையும் படித்தாக வேண்டுமா?

வேண்டாம். அது எவராலும் ஆகாத காரியம். இந்தத் துறையில் நல்ல ஆய்வுகள் பலவும் சிறிய விஷயத்திலிருந்துதான் புறப்பட்டிருக்கின்றன. ஒரு சரக்கு, ஒரு துறைமுகம், ஒரு குடும்பம், ஒரு நோய் என எதையாவது எடுத்துக்கொண்டு, அது போன வழியெல்லாம் நாமும் போக வேண்டும். இன்றைய நாட்டு எல்லை குறுக்கே வருகிறது என்பதற்காக நின்றுவிடக் கூடாது.

ஆனால் இணைப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அங்கிருந்து இங்கே ஒரு பொருள் வந்தது என்று காட்டிவிட்டு வியந்து நிற்கும் கட்டுரைகள் ஏராளம். அந்த இணைப்புக்கு விலை கொடுத்தவர் யார், ஆதாயம் பெற்றவர் யார் என்பதை ஒவ்வொரு முனையிலும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை விட்டுவிட்ட உலக வரலாறு வெறும் சுற்றுலாவாக முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

சஞ்சய் சுப்ரமணியம் 1997இல் முன்வைத்த 'இணைந்த வரலாறுகள்' என்ற அணுகுமுறை இத்துறையில் பலருக்கும் தொடக்கப்புள்ளி. நாடுகளைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஒப்பிடுவதைவிட, அவற்றுக்கிடையே ஓடிய கருத்துகளையும் மனிதர்களையும் பின்தொடர்வது அதன் வழி. ஒப்பீடும் தேவைதான், எதை எதோடு ஒப்பிடுகிறோம், ஏன் ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

சோழமண்டலக் கரையின் துணியைச் சொல்கிறேன். தமிழ் வாசகருக்கு இதைவிடப் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு கிடையாது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் அமைக்கப்பட்டது. அதன் கண் முழுவதும் கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி ஆகியவை விளையும், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு, பண்டா தீவுகள் மீது இருந்தது. அங்கே போனபின்தான் ஒன்று புரிந்தது: தீவினர் வாசனைப் பொருளுக்கு ஈடாக விரும்பிக் கேட்டது இந்தியத் துணி. அதுவும் ஏதோ ஒரு துணியை நீட்டினால் நடக்காது. இந்த நிறம், இந்தக் கரை, இந்த நீளம் என்று தீவுக்குத் தீவு விருப்பம் வேறுபட்டது. பலகாலமாக அந்தத் துணியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த ஆசிய வணிகர்களுக்கு இது அத்துப்படி. கம்பெனி புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 1612இல் கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர், சோழமண்டலக் கரை மலுக்குத் தீவுகளின் இடது கை என்றும், அதன் துணி இல்லாவிட்டால் அங்கே வாணிகமே செத்துவிடும் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது.

அந்தத் துணியில் அப்படி என்ன இருந்தது? சாயம் போகாது என்பதுதான் முதல் பெருமை. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் மூங்கில் குச்சியால் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். பிறகு சாயவேர் போட்ட கொப்பரையில் துணியைக் கொதிக்கவிட்டால், படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்பு ஏறி நிலைத்துவிடும். தொடாத இடத்தில் ஒட்டியது துவைப்பிலும் வெயிலிலும் போய்விடும். நீலத்துக்கு அவுரித் தொட்டி. நீலம் படக்கூடாத பகுதியை மெழுகால் மூடிவிட்டு முக்கி எடுப்பார்கள். இத்தனை படிகளையும் கைப்பழக்கமாக வைத்திருந்தவர்கள் கடற்கரை ஊர்களின் சாயக்காரர்கள். 1742இல் கூர்து என்ற சேசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் விசாரித்து முழு முறையையும் எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். அக்கடிதம் அச்சேறியது. ஒரு தொழிலின் ரகசியம் கண்டம் விட்டுக் கண்டம் போனதை நாம் நேரடியாகப் பார்க்க முடிகிற அரிய இடங்களில் இது ஒன்று.

அதற்குள் அதே துணி ஐரோப்பியரின் உடையிலும் வீட்டிலும் புகுந்துவிட்டது. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. 1719இல் லண்டன் தெருக்களில் அச்சுப் பருத்தி உடுத்திய பெண்களின் ஆடையை நெசவாளர்கள் கிழித்தெறிந்தார்கள். ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. லண்டனில் உடுத்தக் கூடாத துணி மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போனது. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. 1501 முதல் 1866 வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர் மட்டுமே உயிரோடு கரை இறங்கினார்கள். நம் ஊர்த் தறிகளில் ஓடிய நூல் அந்தக் கொடுமையின் கணக்கேடுகளிலும் ஓடுகிறது. நெசவாளிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும், எழுத வேண்டும்.

இன்னொரு முனையில் பண்டா தீவுகள். 1621இல் யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் டச்சுப் படை அங்கே இறங்கி, ஜாதிக்காய் முழுவதையும் தன் கையில் வைத்துக்கொள்வதற்காகத் தீவின் மக்களைக் கொன்றும், பட்டினி போட்டும், நாடுகடத்தியும் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கியது. பின்னர் அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்களை நடத்தினார்கள். பழவேற்காட்டைப் பற்றி எழுதுபவர் பண்டாவைத் தொடாமல் எழுதினால் கணக்கில் பாதிதான் வரும்.

வெள்ளியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, ஏன்?

கம்பெனிகள் துணி வாங்கப் பணம் வேண்டும். ஐரோப்பியச் சரக்குக்கு ஆசியச் சந்தையில் கிராக்கி குறைவு. ஆகவே வெள்ளியும் பொன்னும் வந்து இறங்கின. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இன்றைய பொலிவியாவில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் போட்டோசி மலையிலிருந்து கிளம்பியது. 1545இல் அங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. 1570களில் ஆளுநர் பிரான்சிஸ்கோ டி டொலேடோ, ஆந்திஸ் மலைக் கிராமங்கள் முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும் என்று கட்டாய வேலை முறையை விதித்தார். ஆண்டுக்கு 13,000க்கும் மேற்பட்ட ஆண்கள் இப்படிப் போக வேண்டியிருந்தது. தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அதன் நச்சு வேலையாட்களின் உடம்பில் ஏறியது.

மறுபுறம் மிங் காலச் சீனா வரியை வெள்ளியாகக் கேட்டது. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனாவில் ஒரு பங்கு பொன்னுக்கு ஆறேழு பங்கு வெள்ளி போதும். ஐரோப்பாவில் பன்னிரண்டு பங்குக்குக் குறையாமல் தேவைப்பட்டது. விலை அதிகமாகக் கிடைக்கும் இடத்துக்கு வெள்ளி ஓடியதில் வியப்பில்லை. ஸ்பானியர்கள் 1571இல் மணிலாவைத் தலைநகராக்கிய பிறகு மெக்சிக்கோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளி நேரே பசிபிக்கைக் கடந்து வந்தது. உலகமயமாதலுக்கு ஒரு பிறந்த ஆண்டு சொல்ல வேண்டுமென்றால் 1571ஐச் சொல்லலாம் என்று வாதிடும் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் உண்டு. கவர்ச்சியான வாதம்தான். ஆனால் அதற்கு முன்பே இந்தியப் பெருங்கடலில் நடந்த நெடிய வாணிகத்தை அது முன்னுரையாகச் சுருக்கிவிடுகிறது. அதனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

இவ்வளவு பெரிய கதையில் தனிமனிதர்கள் காணாமல் போய்விட மாட்டார்களா?

போய்விடுவார்கள். அதைத் தடுப்பதற்குத்தான் சிலர் ஒற்றை வாழ்க்கையை எடுத்துக்கொண்டு உலகைப் பார்க்கிறார்கள். கத்தரினா டி சான் ஹுவான் என்ற பெண்ணின் வாழ்க்கை இதற்குப் பொருத்தம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயப் பேரரசின் பகுதியில் பிறந்தவர்; சிறுமியாக இருந்தபோது போர்த்துகீசியக் கொள்ளையர்களிடம் சிக்கினார். கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, மணிலாவில் விற்கப்பட்டு, அங்கிருந்து கப்பலில் அகபுல்கோ போய், மெக்சிக்கோவின் புவேப்லா நகரில் ஒரு வீட்டில் அடிமையாகச் சேர்ந்தார். பின்னாளில் அவரது பக்திக்காக நகரமே அவரை மதித்தது. 1688இல் இறந்தார்.

அவரது வரலாற்றை எழுதியவர் அவருடைய பாவமன்னிப்புக் குருவான அலோன்சோ ரமோஸ் என்ற சேசு சபைப் பாதிரியார். 1689 முதல் 1692 வரை மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் சமய விசாரணை மன்றம் பிறகு அந்நூலைத் தடைசெய்தது. அதில் அவர் அரச குலத்தில் பிறந்தவர் என்று வருகிறது. புனிதர்களின் வரலாறு அன்று எழுதப்பட்ட மரபில் உயர்குடிப் பிறப்பு எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. ஆகவே எது அவர் சொன்னது, எது குரு சேர்த்தது என்று வரிக்கு வரி பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு தொல்லை: ஸ்பானிய மெக்சிக்கோவின் ஆவணங்கள் ஆசியாவிலிருந்து வந்த அடிமைகள் அனைவரையும் 'சீனர்' என்றே பதிந்தன. வங்காளியோ, தமிழரோ, மலாய்க்காரரோ அந்த ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிட்டார்கள். ஒரே ஒருவரைப் பற்றி மூன்று தொகுதிகள் இருக்கின்றன. அவரோடு அதே கப்பலில் வந்தவர்களுக்கு ஒரு வரிகூட இருக்காது. எழுதும்போது இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது.

கடைசியில் இதுவும் ஐரோப்பியர் வந்த கதைதானே?

நியாயமான சந்தேகம். ஆவணங்களில் பெரும்பகுதி கம்பெனிகளுடையவை என்பதால் அந்தப் பக்கம் சாய்வது எளிது. ஆனால் அந்த ஆவணங்களையே பொறுமையாகப் படித்தால் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் இங்கே உள்ளூராரை எவ்வளவு சார்ந்து வாழ்ந்தார்கள் என்பது தெரியும். தரங்கம்பாடியில் கோட்டை கட்ட டேனியர்களுக்கு 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஆங்கிலேயருக்கு 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் அனுமதி இல்லாமல் சென்னை இல்லை. நெசவாளரிடம் துணி பெற உள்ளூர் வணிகர் வழியாக முன்பணம் கொடுக்க வேண்டும். விலை பிடிக்காவிட்டால் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போகலாம். ஊரையே காலி செய்துவிட்டும் போகலாம். ஆங்கிலக் கம்பெனியே அரசாக ஆன பிறகுதான் இந்த உரிமை நொறுக்கப்பட்டது.

மலாக்காவில் 1511க்கு முன்பே செழித்திருந்த தமிழ் வணிகர்களையும் நினைவில் வையுங்கள். அவர்களில் நினா சத்து என்று போர்த்துகீசிய ஏடுகள் குறிப்பிடும் வணிகர், போர்த்துகீசியர் நகரைப் பிடித்த பின் பெண்டகாரா என்ற தலைமை அமைச்சர் பதவியில் அமர்த்தப்பட்டார். அந்தப் பதவி பறிபோனபோது 1514இல் தீயில் இறங்கி உயிர்விட்டார். வெற்றி பெற்றவரோடு சேர்ந்தவருக்கு நேர்ந்தது இது. இவரைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

தமிழில் மூல ஆவணங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, உலக அளவில் அருமையானவை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761இல் அவர் மறையும் காலம் வரை போகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக இருந்தவர். கப்பல் வருகை, துணி ஒப்பந்தம், பரிசளிப்பு, சாதிச் சண்டை, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிப்பு என எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பியப் பேரரசுகளின் போட்டியை அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று ஓர் ஆசியர் தன் தாய்மொழியில் நாள்தோறும் எழுதிய பதிவு உலகில் மிகவும் அரிது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் பெரும்பாலும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார். தமிழ் மூலத்தையே படிக்க முடிகிற நமக்கு அது பெரிய பலம்.

ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தபின், தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் பெற்று ஜெர்மனிக்கு அனுப்பிய தொகுப்பும் இருக்கிறது. அவை ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. தமிழரின் குரலும் பாதிரியாரின் குரலும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியனுக்குப் பொன்தகட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு நூல். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் என்று கருதப்படுவது.

என்னென்ன மொழிகள் தெரிய வேண்டும்?

தமிழும் ஆங்கிலமும் போக ஒன்று. எது என்பது தலைப்பைப் பொறுத்தது. கடற்கரை என்றால் டச்சோ போர்த்துகீசியமோ. 17ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் குடியிருப்புகளில்கூட பொதுப்பேச்சு மொழியாகப் போர்த்துகீசியம் புழங்கியது. ஆற்காட்டு நவாபின் காலம் என்றால் பாரசீகம். தஞ்சை மராட்டியர் என்றால் மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்து.

நம் மொழியே நமக்குச் சவாலாகும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பழைய சுவடிகளில் புள்ளி இருக்காது. குறில் நெடில் எ, ஏ வேறுபாடு இருக்காது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ் எண்களும் மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்களும் தெரியாமல் ஒரு கணக்கோலையையும் படிக்க முடியாது. முதல் ஆறு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

பெயர்கள் இன்னொரு சிக்கல். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு தொழில் நடத்திய அச்சுதப்பச் செட்டி, அவர்களது ஏடுகளில் 'மலயா' என்று வருவார். தேடும்போது பெயரின் எல்லாத் திரிபுகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆவணங்கள் ஒரே சம்பவத்துக்கு வேறுவேறு தேதி சொல்கின்றன. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் முதலில் ஏற்றன. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் 10 நாள், 18ஆம் நூற்றாண்டில் 11 நாள் வித்தியாசம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாள் ஆங்கில ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஏட்டில் செப்டம்பர் 21. தமிழ்க் கணக்கில் அது அட்சய வருடம் புரட்டாசி மாதம். ஆங்கிலேயரின் புத்தாண்டும் அப்போது மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஆண்டையே தவறாக எழுதிவிடும் ஆபத்து உண்டு.

நாணயத்துக்கும் இதே எச்சரிக்கை. வராகன், பணம், ரூபாய், ரியால் ஆகியவற்றின் மாற்று விலை ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பருவநிலை வரலாறும் இதில் சேருமா?

சேரும். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வட சீனாவில் வறட்சி, ஐரோப்பாவில் குளிர், 1630–32இல் குஜராத்திலும் தக்காணத்திலும் கொடும் பஞ்சம். ஒரே காலத்தில் நடந்தது என்பதாலேயே ஒரே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. மழை பொய்ப்பது இயற்கை. பொய்த்த ஆண்டில் யார் தானியத்தைப் பதுக்கினார், யார் குழந்தையை விற்றார் என்பது சமூகம். சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் அடிமைகள் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அதிகம் போனது பஞ்ச ஆண்டுகளில்தான்.

போட்டித் தேர்வுக்கு உதவுமா?

ஓரளவுக்கு. வினாத்தாள் இன்னும் வம்சவாரியாகவே கேட்கிறது. தேர்வுக்காக மட்டும் என்றால் பாடத்திட்டத்தைப் படியுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பொருள், ஒரு துறைமுகம், பத்து ஆண்டுகள். இதற்கு மேல் முதல் முயற்சியில் வேண்டாம். பலரும் மிளகாயைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து நம் சமையலையே மாற்றியது என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் மிளகாய் பெரும்பாலும் வீட்டுக் கொல்லைகள் வழியாகப் பரவியது. கம்பெனியின் பெரிய சரக்கு வரிசையில் அது இல்லை. அதனால் ஏடுகளில் தடயம் மெலிந்து கிடக்கும். புகையிலை மேல் வரியும் குத்தகையும் விதிக்கப்பட்டதால் அதற்குக் காகிதம் உண்டு. அவுரி, சாயவேர், முத்து, சங்கு ஆகியவையும் நல்ல தேர்வுகள்.

டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரில் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அலமாரி நீளத்தை நிரப்புகின்றன. அவற்றில் பெரும்பகுதியின் படிமங்களை இப்போது வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பழைய கையெழுத்தைக் கணினியே வாசித்துத் தேடத் தரும் வசதியும் வந்துவிட்டது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றில் கொச்சி சார்ந்தவை அதிகம். அச்சு நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும்.

தேர்ந்தெடுத்த பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கைக்கும் எதிரில் என்ன ஆவணம் இருக்கிறது என்று குறியுங்கள். சில கைகளுக்கு எதிரில் ஒன்றும் இருக்காது: பாவு ஓட்டிய பெண், அவுரித் தொட்டியில் இறங்கி மிதித்தவர், கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர். அந்த வெற்றிடங்களைக் கட்டுரையில் அப்படியே காட்டுங்கள். பிறகு அவர்களைப் பற்றிப் பேசும் வேறு வகைச் சான்று எது என்று தேடத் தொடங்குங்கள்: நீதிமன்ற வாக்குமூலம், ஞானஸ்நானப் பதிவேடு, விற்பனைச் சீட்டு, எஞ்சியிருக்கும் துணித்துண்டு.